ஹுதைபிய்யாவை நம் பிள்ளைகள் பயிலட்டும்

2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நமது வீடுகள் பலவற்றில் பிள்ளைகளுக்குக் கூறப்பட்ட அறிவுரை ஒன்றே: "எதையும் பகிராதே, யாரிடமும் வாய் திறக்காதே." சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் அதுவே சொல்லப்பட்டது.

இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. கிரிக்கெட் ஆட்டம் நடந்தாலே நம் பிள்ளையின் நாட்டுப்பற்றை உரசிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனினும், மௌனத்தை மட்டுமே கற்ற பிள்ளை சமாதானத்திற்காகப் பேச வேண்டிய நாளில் என்ன செய்வான்?

அதற்கும் பயிற்சி உண்டு. ஜான் வாலக் என்ற பத்திரிகையாளர் 1993-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' முகாமில், 2001 முதல் இந்திய, பாகிஸ்தான் பிள்ளைகளும் சேர்ந்து தங்கினர். ஒன்றாக உண்டு உறங்கி, பின்னர் அமர்ந்து வாதிட்டனர். 1947-ஐ இரு நாட்டுப் பாடநூல்களும் ஒரே விதமாகச் சொல்வதில்லை. மறுதரப்பின் வரலாற்றை அத்தரப்புப் பிள்ளையின் வாயாலேயே பொறுமையுடன் கேட்பதுதான் இதில் கடினமானது.

மெய்ன் நமக்கு எட்டாது, ஹுதைபிய்யா எட்டும். ஹிஜ்ரி 6-இல் எழுதப்பட்ட அந்த உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை நீக்குமாறு குறைஷிகளின் தூதர் சுஹைல் வற்புறுத்தினார். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்களே அழித்தார்கள். அவ்வேளையில் சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்குகளோடு தப்பி வந்து அடைக்கலம் கேட்டார். ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரலி) அவர்களே பொறுக்காமல் கேள்வி எழுப்பினார்கள். அன்று உடனிருந்தோர் ஏறத்தாழ 1,400 பேர். இரண்டே ஆண்டுகளில் மக்காவுக்குள் நுழைந்தோர் 10,000 பேர்.

இதை நாம் பயான்களில் வெற்றிக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அபூஜந்தல் திரும்பி நடந்த அந்தக் கணத்தில் நிற்பதில்லை.

கோடை விடுமுறை தீனிய்யாத் வகுப்பில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். ஒரு குழு குறைஷிகளின் நிபந்தனைகளை அவர்கள் தரப்பு நியாயத்தோடு எடுத்துரைக்கட்டும். மறு குழு குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். மறுநாள் அதே முறையில் கஷ்மீரைப் பேசலாம். உஸ்தாதும் பெற்றோரும் உடனிருக்கட்டும். பிள்ளைகளின் கைப்பேசிகள் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்கும் பீகார், வங்காளத் தொழிலாளர்களில் ஒருவரையும் அழைக்கலாம். 1947 அவர் ஊரில் எப்படி நினைவுகூரப்படுகிறது என்று நம் பிள்ளைகள் இதுவரை கேட்டதில்லை.