பாராமகாலை ஆடிப் பார்க்கலாம்

ரயத்துவாரி முறையை நடத்த வேண்டிய நாளில் நம்மில் பலர் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுகிறோம். ஜமீன்தாரி, மகல்வாரி, ரயத்துவாரி என்று தலைப்பிட்டு, கீழே ஆண்டையும் பெயரையும் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். தருமபுரி மாவட்டத்து வகுப்பறையில் இது பெரிய இழப்பு. அந்த முறை வேர்விட்ட மண்ணே இதுதான். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து, நம் மாவட்டம் அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அதை அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தார். ரீடின் உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி வேலை பார்த்தார். 1799 வரை இந்தப் பகுதியில்தான் இருந்தார். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் சிலையாக வீற்றிருப்பவர் நம் ஊரில் வரிக்கணக்குப் பழகியவர் என்று எத்தனை மாணவருக்குத் தெரியும்?

பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தபின், கணினி விளையாட்டை வைத்துக் காலனிய வரலாற்றை நடத்தலாமா என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக நடத்தலாம். இந்த யோசனையே வகுப்பறையில் பிறந்ததுதான். 1971-இல் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் தம் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, வரலாற்று வகுப்புக்காக 'ஆரிகன் டிரெயில்' விளையாட்டை உருவாக்கினார். திரைகூட இல்லாத தட்டச்சு முனையத்தில் பிள்ளைகள் அதை ஆடினார்கள்.

நம் கவலை வேறு. ஆடுகிறவர் யாராக ஆடுகிறார், எதை வெற்றி என்று விளையாட்டு சொல்கிறது என்பதுதான் மாணவர் மனத்தில் தங்கும். 1994-இல் வந்த 'காலனைசேஷன்' விளையாட்டில் நீங்கள் ஆங்கிலேயராகவோ பிரெஞ்சுக்காரராகவோ ஸ்பானியராகவோ டச்சுக்காரராகவோதான் ஆட முடியும். பருத்தியும் கரும்பும் விளையும். ஆப்பிரிக்க அடிமைகள் மட்டும் அதில் இல்லை. இந்த வகை விளையாட்டுகளில் உங்கள் ஆள் காலடி வைக்கும்வரை வரைபடம் இருண்டு கிடக்கும். பாராமகால் அப்படி இருண்டு கிடக்கவில்லை. ஒவ்வொரு வயலுக்கும் பெயர் இருந்தது. யார் உழுகிறார், என்ன விளைகிறது என்பது ஊர்க் கணக்கரான கர்ணத்துக்குத் தெரியும். ரீடின் அளவைப் பணி அந்த அறிவின்மேல்தான் நின்றது.

மறுபக்கத்திலிருந்து ஆடவைக்கும் விளையாட்டும் இருக்கிறது. 2019-இல் வந்த 'வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்', 1890-களில் நிலப் பங்கீட்டுச் சட்டங்களால் மண்ணை இழந்து மேற்கே போகும் அனிஷினாபே பழங்குடி ஒருவராக நம்மை நடக்கவைக்கிறது. பழங்குடி எழுத்தாளர்கள் பலர் சேர்ந்து எழுதிய கதைகள் அதில் உள்ளன. நமக்கு வேண்டிய வழி அதுதான். ஆனால் நாம் ஆட வேண்டியது நம் நிலத்தை.

அதற்கு நிரலாளர் தேவையில்லை. லேபில் உள்ள விரிதாளும் ஒரு தாயக்கட்டையும் போதும். நான்கு மாணவர் ஒரு குடியானவர் வீடு. கொஞ்சம் புன்செய், ஒரு கிணற்றுத் தோட்டம், ஒரு ஜோடி மாடு. மழையைத் தாயம் தீர்மானிக்கட்டும். தீர்வை பணத்தில், மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஏறக்குறைய ஒரே தொகை. கிஸ்து எனும் வரித் தவணை கட்டும் மாதத்தில் ஊரே கேழ்வரகை விற்கும், விலை விழும். கடன் வாங்கலாம், மாட்டை விற்கலாம், தாங்காத வயலை விட்டுவிடலாம். சில சுற்றுகள் போனதும் ஆசிரியர் எழுந்து விதியை மாற்ற வேண்டும்: இனி உங்கள் ஊர் ஒரு மிட்டா, ஏலத்தில் எடுத்தவர் மிட்டாதார், வரியை அவரிடம் கட்டுங்கள். 1800-க்குப் பின், நம் பகுதி அன்று அடங்கியிருந்த சேலம் ஜில்லாவில் இதுதான் நடந்தது. பாக்கி ஏறிப் பல மிட்டாக்கள் முறிந்தன. மன்றோ 1820-இல் சென்னை மாகாணக் கவர்னராக வந்த காலத்தில் மறுபடி ரயத்துவாரி. ஆட்டத்தின் நடுவே கேட்காமல் விதி மாறினால் பிள்ளைகள் கொதிப்பார்கள். அடக்காதீர்கள். கரும்பலகையின் மூன்று கட்டங்கள் தராத புரிதல் அந்தக் கொதிப்பில் இருக்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பட்டாவில் பெயர் ஏறாதவராக, பண்ணையாளாக ஆட வேண்டும். அவருக்கு விதிகள் ஏறக்குறைய எதையும் தராது. 'எனக்கு ஆடவே ஒன்றுமில்லை சார்' என்பார். அரசுக்கும் உழவனுக்கும் நேரடி உறவு என்று பாடநூல் சொல்லும் ரயத்துவாரியில் அந்த உழவன் யார் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அந்த வேடத்தை யாருக்குத் தருவது என்பதை ஆசிரியர் தீர்மானிக்கவே கூடாது. சீட்டுக் குலுக்கியே எடுக்க வேண்டும், சுற்றுக்குச் சுற்று மாற்ற வேண்டும். நம் ஊர்களில் யார் பிள்ளை யார் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும். விளையாட்டென்ற பெயரில் ஒரு பிள்ளையின் பழைய காயத்தைக் கிளறினால் அது கற்பித்தல் ஆகாது.

மன்றோவை வில்லனாக்கவும் வேண்டாம். பின்னர் தாம் கலெக்டராக இருந்த தத்த மண்டலத்தில் (Ceded Districts) தீர்வை அதிகம், நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-இல் பரிந்துரைத்தவர் அவர். அதே வரிமுறையின் கீழ் வசூலுக்காக மக்கள் அடித்து வதைக்கப்பட்டதை அரசு அமைத்த விசாரணைக் குழுவே 1855-இல் பதிவுசெய்தது. அந்த வதையை விளையாட்டில் சேர்க்க வேண்டாம். தனியே, அமைதியாகப் படிக்க வேண்டிய பகுதி அது.

ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தார் என்று கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். கிஸ்து கட்ட முடியாத குடியானவராகக் கலெக்டருக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். எதிர்க்குழு கலெக்டராக இருந்து அதற்குப் பதில் எழுதட்டும். இது பழங்கதை மட்டுமல்ல: தாலுகா அலுவலகங்களில் இன்றும் ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறது. வீட்டில் சிட்டா, அடங்கல் நகல் இருந்தால் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் அனுமதியுடன் பள்ளி இருக்கும் இடத்தின் ஆவணத்தைக் காட்டலாம். அதில் உள்ள ஒவ்வொரு கட்டமும் எதற்காக வந்தது என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.