இதயத்துக்கு எது நல்லது? சில எண்ணங்கள்

உடலைப் பற்றிப் பேசுவது இலக்கியவாசிகளுக்குச் சற்றே கூச்சம் தரும் காரியம். உடம்பைப் பேணுவது பற்றித் திருமூலர் சொன்னதை மேடையில் எடுத்துரைப்போம். இறங்கி வந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிடுவோம். ஆயினும் நாற்பதைக் கடந்த இரு நண்பர்கள் சந்தித்துக்கொண்டால் இப்போதெல்லாம் புதிதாக வந்த நாவலுக்கு முன்பாகச் சர்க்கரை அளவுதான் பேச்சில் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி, அதன் வாசற்படியில் நிற்போர் 13.6 கோடி. எனவே பேச்சு இயல்பாகவே அடுத்த கேள்விக்கு நகர்கிறது. நடையா, ஓட்டமா, சைக்கிளா, நீச்சலா, ஜிம்மில் டிரெட்மில்லா, இதயத்துக்கு எது சிறந்தது? மில்லர்புரத்து வீதிகளில் விடிகாலை வேளைகளில் இந்த விவாதம் நடப்பவர்களைவிட வேகமாக நடக்கிறது.

இக்கேள்விக்கு ஒரு பிறப்பு வரலாறு உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968இல் 'ஏரோபிக்ஸ்' என்ற நூலை எழுதினார். ஒவ்வொரு பயிற்சிக்கும் இன்ன தூரம், இன்ன நேரம், இன்ன புள்ளி என்று அட்டவணை போட்டு, வாரத்துக்கு 30 புள்ளி சேர்க்கச் சொன்னார். அவர் கருதியது எந்தப் பயிற்சியாலும் அந்த 30ஐ எட்டலாம் என்பது. நாமோ அட்டவணையைக் கண்டவுடன் முதல் மதிப்பெண் யாருக்கு என்று தேட ஆரம்பித்துவிட்டோம். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே வளர்ந்த சமூகமல்லவா!

அப்படித் தேடுவோருக்கு 2018இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு பட்டியலே கிடைத்தது. சுமார் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட அந்நகரத்து மக்களிடையே, உடலுழைப்பற்றவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டும், பாட்மின்டன் ஆடியவர்கள் 6.2 ஆண்டும், சைக்கிள் ஓட்டியவர்கள் 3.7 ஆண்டும், நீந்தியவர்கள் 3.4 ஆண்டும், மெதுவோட்டம் ஓடியவர்கள் 3.2 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணக்கு. ஷட்டில் மட்டையோடு மாலையில் கிளம்பும் நண்பர்கள் இதை வேதவாக்காகக் கொண்டாடுவார்கள். ஆனால் டென்னிஸ் ஆடுபவர் யார்? ஆடுகளத்துக்குக் கட்டணம் செலுத்த வசதியுள்ளவர். கூட ஆட நண்பர் உள்ளவர். மாலைப்பொழுது தன் கையில் இருப்பவர். அந்த ஆண்டுகளை மட்டை தந்ததா, வசதி தந்ததா, நட்பு தந்ததா என்பதைப் பட்டியலால் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவை இரண்டு பழைய ஆய்வுகள். லண்டனின் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநருக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெரமி மோரிஸ் 1953இல் காட்டினார். மூன்றாண்டு கழித்து அவரே ஓட்டுநர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, அவர்கள் இடுப்புப் பருத்தவர்களாகவே வேலைக்குச் சேர்ந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தையும் எழுப்பினார். தன் முடிவைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் இத்தகைய நேர்மை நம் இலக்கிய விமர்சனத்தில் அரிது என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது, துறைமுகத்துக்காரர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டியது. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தின் 6,351 தொழிலாளர்களை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ரால்ஃப் பாஃபென்பார்கர் 1975இல் எழுதிய கட்டுரை அது. கடினமான சுமைப்பணி செய்தவர்களிடையே இதயநோய் மரணம், இலகுவான பணி செய்தவர்களில் இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான். அங்கே வேலைக்குச் சேர்கிற எவரும் முதல் சில ஆண்டுகள் சுமை தூக்கியே ஆகவேண்டும் என்ற விதி இருந்தமையால், வலுவானவர் மட்டுமே அப்பணிக்குப் போனார் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. அவர் கவனித்த நுட்பம் ஒன்றுண்டு: அந்த உழைப்பு ஒரே சீராக நீள்வதன்று. கொஞ்ச நேரம் முழுமூச்சாகத் தூக்குவது, பிறகு நிற்பது, மறுபடி தூக்குவது. விட்டுவிட்டு எழும் உழைப்பு.

தூத்துக்குடியிலும் அப்படியொரு காலம் இருந்தது. கப்பல்கள் கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட, தோணிகளில் சரக்கு ஏற்றி இறக்கிய தோள்கள் இங்கு ஏராளம். ஜோ டி குரூஸின் 'கொற்கை'யை வாசித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். 1974இல் பெருந்துறைமுகமானது, 1999இல் சரக்குப் பெட்டக முனையம் வந்தது. மூட்டை சுமந்தவரின் பேரன் இன்று கணினித் திரையின் முன் அமர்ந்து பெட்டகங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். அவருடைய முதுகு தப்பித்தது, நல்லதே. இதயத்துக்குத்தான் வேலை போய்விட்டது.

இங்கே நம்மூர்க்காரர்கள் ஒரு பெருமையை எடுத்து வைப்பார்கள்: முத்துக்குளித்த பரதவரின் நெஞ்சுரம். நானும் அப்பெருமைக்கு உரியவன்தான். ஆயினும் அது வேறு கலை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கடலடி சேர்பவரின் இதயம் விரைவதில்லை, மெதுவாகிறது. டோரஸ் நீரிணையின் முத்துக்குளிப்பவர்களைச் சோதித்து 1962இல் ஷோலாண்டர் குழுவினர் எழுதியதும் இதையே. இருக்கும் உயிர்வளியைச் சிக்கனமாகச் செலவிட உடல் தன் துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. இதயப் பயிற்சி என்று நாம் சொல்வதோ துடிப்பை உயர்த்தி, அந்த உயர்வுக்குப் பழக்குவது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்து முடிந்துவிட்டது. அந்த மூச்சை நம் காலை நடையில் தேடிப் பயனில்லை.

'உழைத்தால் போதும், பயிற்சி எதற்கு?' என்பாரும் உண்டு. அவர்களை உப்பளத்துக்கு அழைத்துப்போகத் தோன்றும். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வெயிலும் உப்பும் அப்படியேதான் இருக்கின்றன. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் குறித்து 2023இல் வெளியான ஆய்வில், சுமார் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதாகவும், சிலருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருப்பதாகவும் தெரியவந்தது. டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வும், ஓய்வுநேர உடலியக்கம் ஆயுளைக் கூட்டுகையில் தொழிலிடத்துக் கடும் உழைப்பு அவ்வாறு கூட்டவில்லை, மாறாகக் குறைக்கிறது என்றது. அப்படியானால் சான் பிரான்சிஸ்கோவின் சுமைகாரர்? அவர்களுக்கு இடையிடையே ஓய்வு இருந்தது என்பதுதான் வேறுபாடு என்று எனக்குப் படுகிறது. உப்பு வாருபவருக்கு நிழலில்லை, நின்று மூச்சுவிட நேரமில்லை. அவருக்கு வேண்டியது தண்ணீர், நிழல், கழிப்பறை, கூலி. அவரிடம் போய்க் 'கார்டியோ' பேசுவது அசிங்கம்.

ஆகவே இந்த விவாதம் உட்கார்ந்திருக்கும் நம்முடையது. என் தரப்பு இது: இதயம் கேட்பது பயிற்சியின் பெயரை அல்ல. மூச்சு வாங்கும்படி சற்று நேரம், பிறகு தணியும்படி சற்று நேரம், இதை வாரத்தில் பல நாள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு, மிதமான உழைப்பென்றால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கடும் உழைப்பென்றால் 75 முதல் 150 நிமிடம். ஓட்டமும் நீச்சலும் சைக்கிளும் இதைத் தரும், ஐயமில்லை. ஆனால் கடலோர ஊரில் இருந்துகொண்டே நீந்தத் தெரியாதவர்கள் நாம். பாளையங்கோட்டை சாலையில் ஐம்பது வயதில் சைக்கிள் ஓட்டத் துணிபவரை நான் தடுக்கவே செய்வேன். ஓட்டம் பழகாத முழங்கால்கள் விரைவில் புகார் சொல்லும். எஞ்சுவது நடை.

நடை என்றால் எந்த நடை? ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே குழுவினர் ஒரு முறையை வகுத்து 2007இல் வெளியிட்டார்கள். மூன்று நிமிடம் விரைந்து நடப்பது, மூன்று நிமிடம் மெதுவாக நடப்பது. இப்படி ஐந்து முறை. வாரத்தில் நான்கு நாளாவது. ஐந்து மாத முடிவில், ஒரே சீராக நடந்தவர்களைவிட இப்படி நடந்தவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சுத் திறனும் கூடின, ரத்த அழுத்தம் தணிந்தது. துறைமுகச் சுமைகாரரின் தாளம் இதில் கேட்கிறதல்லவா? கைக்கடிகாரம் போதும், வேறு கருவி வேண்டாம். விரைவான மூன்று நிமிடங்களில் நாலைந்து சொற்களுக்கு மேல் பேச முடியக்கூடாது. இலக்கிய நண்பர்களுடன் நடப்பவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. நெஞ்சுவலி, தலைச்சுற்றல் உடையவர்களும் ஏற்கெனவே இதயச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே வேகத்தைத் தொட வேண்டும். நம்மூர்ப் புழுக்கத்தில் ஏழு மணிக்கு மேல் இந்த வேகம் ஆகாது. நடந்து முடித்து மக்ரூன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஆனால் விரைந்து நடக்க இடம் வேண்டுமே. தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆயினும் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது வண்டியேறிப் போய் நடப்பவர்களுக்கானது. நமக்கு வேண்டியது தெருவில் உடைந்த சாக்கடை மூடி மாற்றப்படுவதும், விடியலிருட்டில் விளக்கு எரிவதும், நாய்க்குப் பயமின்றிப் போவதும். 2024இல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வந்த கணக்குப்படி இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத ஆண்கள் 42 விழுக்காடு, பெண்கள் 57 விழுக்காடு. இந்த இடைவெளியைச் சோம்பல் என்று எவரேனும் விளக்கினால் அவர் காலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டின் அடுப்படியைப் பார்த்ததில்லை என்று பொருள்.

தமிழ்ப் பெண்கள் இதற்குக் கண்டுகொண்ட வழி எட்டு வடிவ நடை. மொட்டைமாடியில் சுண்ணாம்பால் எட்டுப் போட்டு, அந்தி சாயும் வேளையில், உலர்ந்த துணிகளுக்கிடையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதற்கு எத்தனையோ அற்புத குணங்கள் கற்பிக்கப்பட்டுள்ளன. அவற்றை நான் நம்பவில்லை. இருபதடி இடத்தில் வளைந்து வளைந்து திரும்புபவரால் வேகமெடுக்க முடியாது, மூச்சு வாங்கும் முன் அடுத்த வளைவு வந்துவிடும். எங்கள் வீதியில் அப்படி ஐந்தாறு மாடிகளிலாவது எட்டுகள் வெளுத்துக் கிடக்கின்றன. கீழே சாலை நேராகத்தான் போகிறது, மூன்றாவது மைல் வரைக்கும்.