6-1: தோற்ற அணியிடம் குமரிக் கடற்கரை கற்க என்ன இருக்கிறது?

2025 ஆகஸ்ட் 23, சனிக்கிழமை கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டுராண்ட் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் நடப்பு சாம்பியன் நார்த்ஈஸ்ட் யுனைடெட். எதிர்ப்பக்கம், இந்தத் தொடரில் முதல்முறையாகக் கலந்துகொண்டு நேராக இறுதிக்கே வந்துவிட்ட டைமண்ட் ஹார்பர் எஃப்சி. முடிவு 6-1. ஸ்கோரை மட்டும் பார்த்துட்டு ‘ஒன்சைடு மேட்ச்’னு பலரும் கடந்து போயிருப்போம்.

ஆனால் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கம் பந்து விளையாடி வளர்ந்தவர்கள் இந்தப் போட்டியை அப்படிக் கடந்து போகக் கூடாது. நம்மிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

யார் இந்த டைமண்ட் ஹார்பர்?

மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கானாஸ் மாவட்டத்தில், ஹூக்ளி நதி கடலை நெருங்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர் டைமண்ட் ஹார்பர். அந்த ஊர்ப் பெயரில் 2022-ல்தான் கிளப் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அந்தத் தொகுதி எம்.பி. அபிஷேக் பானர்ஜி. அந்த இறுதிப் போட்டியின்போது பயிற்சியாளர், முன்பு மோகன் பகானுக்கு ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்த ஸ்பெயின்காரர் கிபு விகுன்யா. மூன்றே வருடத்தில் கொல்கத்தா லீக், ஐ-லீக் 3, ஐ-லீக் 2 என்று படிப்படியாக ஏறி, 2025-ல் ஐ-லீக் வரை வந்துவிட்டார்கள்.

1888-ல் தொடங்கிய டுராண்ட் கோப்பை, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துத் தொடர். அதில் குரூப் சுற்றிலேயே மோகன் பகானிடம் 5-1 என்று அடி வாங்கினார்கள். அதோடு கதை முடிஞ்சுதுன்னு நினைச்சவங்க நிறைய பேர். ஆனால் காலிறுதியில் ஜாம்ஷெட்பூரை 2-0, அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று வீழ்த்தினார்கள்.

அப்புறம் ஏன் 6-1?

இடைவேளையில் ஸ்கோர் 2-0. இரண்டாம் பாதியில் 3-0 ஆனது. பிறகு லூகா மைட்சன் ஒரு கோல் திருப்பி, 3-1 என்று கொஞ்சம் உயிர் கொடுத்தார். அதன் பின் கடைசிக் கட்டத்தில் வரிசையாக மூன்று கோல். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில்தான் ஒரு அணியின் ஆழம் தெரியும். மாற்று வீரர்கள் யார், கால் சோர்ந்த பிறகும் ஒழுங்கு குலையாமல் நிற்க முடிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

இதே மைதானம், 2024 ஆகஸ்ட் 31. அன்று முதல்முறை இறுதிக்கு வந்த அணி நார்த்ஈஸ்ட். எதிரே, 17 முறை கோப்பை வென்ற மோகன் பகான். 2-0 என்று பின்தங்கி, 2-2 ஆக்கி, பெனால்டி ஷூட்அவுட்டில் 4-3 என்று ஜெயித்தார்கள். அவர்களுடைய முதல் கோப்பையே அதுதான். கிளப் தொடங்கியது 2014-ல். முதல் கோப்பைக்கு முன்னால் பத்து வருடத் தோல்விகளைச் சுமந்திருந்தார்கள்.

இரண்டுமே ‘முதல் இறுதிப் போட்டி’தான். ஒரு அணிக்குப் பின்னால் பத்து வருடம், இன்னொன்றுக்குப் பின்னால் மூன்று வருடம். எனக்கு அதிசயமாகத் தெரிவது 6-1 அல்ல, மூன்று வருடத்தில் அங்கே வந்து நின்றதுதான்.

சரி, குமரிக்கு என்ன சம்பந்தம்?

டைமண்ட் ஹார்பரின் கோல்களை அடித்தவர்களைப் பாருங்கள். அரையிறுதியில் ஸ்பெயினின் மிகெல் கோர்தசார். வெற்றி கோல், நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஜாபி ஜஸ்டின். இறுதியில் அடித்த மைட்சன், ஸ்லோவேனியாக்காரர். அவர்கள் கிளப்பை முதலில் கட்டிவிட்டு, ஆட்களை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள்.

நம்ம கதை நேர் எதிர். இங்கே ஆள் இருக்கு, கிளப் இல்லை. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் சகோதரர்கள் ஐ.எஸ்.எல். வரை போனார்கள். 2020-ல் பட்டம் வென்ற ஏடிகே அணியில் சூசைராஜ் இருந்தார். ஆனால் ஐ.எஸ்.எல்., ஐ-லீக் இரண்டிலும் குமரி பெயரில் ஒரு அணிகூடக் கிடையாது. ஊர்த் திருவிழாவுக்குப் போட்டி, செவன்ஸ், கோப்பை, ரொக்கப் பரிசு. எல்லாம் முடிந்ததும் பையன் என்ன செய்வான்? ஒன்று ஆழ்கடல் விசைப்படகு, இல்லாவிட்டால் வளைகுடா விசா. வாரக்கணக்கில் கடலில் கிடந்து திரும்புகிறவனிடம் ‘பயிற்சிக்கு வா மக்கா’ன்னு எப்படிச் சொல்வது? ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கடலைத் தவிர வேறு வழி ஒன்று வேண்டும் என்று இந்தக் கரையில் ஏங்காத வீடு இல்லை.

மைதானமும் சுருங்குகிறது. பல ஊர்களில் பந்து உருண்ட மணற்பரப்பைக் கடலரிப்பு கொண்டுபோய்விட்டது. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம், தூத்தூர் பையன் பள்ளி விட்டதும் ஓடிப் போய்ப் பயிற்சி செய்யும் தூரத்தில் இல்லை.

காசு இருந்தால் போதுமா?

‘அரசியல்வாதி பின்னால் இருந்தால் யாரும் மூன்று வருடத்தில் ஏறலாம்’ என்று சிலர் சொல்வார்கள். நியாயமான வாதம்தான். ஒரே ஒரு ஆளை நம்பி நிற்கும் கிளப், அந்த ஆள் நகர்ந்தால் என்ன ஆகும்? கோவையில் விளையாடி 2018-19 ஐ-லீக் பட்டத்தையே வென்ற சென்னை சிட்டி, சில வருடங்களில் தேசிய அரங்கிலிருந்து காணாமல் போனது. பிரான்ஸில் 2000-ம் ஆண்டு, நான்காம் நிலையில் ஆடிய துறைமுக ஊர் அணி கலே, பிரெஞ்சுக் கோப்பை இறுதி வரை போய் 2-1 என்றுதான் தோற்றது. 2017-ல் அந்தக் கிளப் கடனில் மூடப்பட்டது. ஒரு இறுதிப் போட்டி ஒரு கிளப்பைக் காப்பாற்றிவிடாது.

2025 ஆகஸ்டில் மேலே இருந்த நிலைமையும் சரியில்லை. ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் இழுபறியில் இருந்ததால், ஐ.எஸ்.எல். அந்த சீசன் எப்போது தொடங்கும் என்றே அப்போது தெரியவில்லை. சென்னையின் எஃப்சி செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தது. ஆகவே ‘குமரிக்கு ஒரு ஐ.எஸ்.எல். அணி’ என்று கேட்பது வெறும் மேடைப்பேச்சு.

கேட்க வேண்டியது சின்ன விஷயங்கள்தான். நீரோடியிலிருந்து குளச்சல் வரை உள்ள ஊர் அணிகள் சேர்ந்து, பதிவு செய்த ஒரே ஒரு கிளப். அதற்கு ஊரறிந்த வரவு செலவுக் கணக்கு. கடற்கரையை ஒட்டி ஒரு புல்தரை மைதானம். உரிமம் பெற்ற பயிற்சியாளர், 13 மற்றும் 15 வயதுக்குட்பட்டோர் அணிகள். மாநில லீக்கில் முன்னுக்கு வந்தால், மாநில சங்கம் வழியாக ஐ-லீக் 3 கதவைத் தட்டலாம். டைமண்ட் ஹார்பர் ஏறியதும் அந்தப் படியில்தான்.

நாலு ஊர் நாலு கோப்பைக்குத் தனித்தனியாக வசூல் செய்வதை விட்டுட்டு, ஒரே கிளப்புக்குக் காசு போட முடியுமா? சின்னத்துறைக்காரன் வள்ளவிளைக்காரனோட ஒரே ஜெர்சி போடுவானா? பணத்தைவிடக் கஷ்டமான கேள்வி இதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு அல்ல, நாம.

அந்தப் பதில் கிடைத்தால், ஒருநாள் நம்ம அணியும் ஒரு இறுதிப் போட்டியில் 6-1 என்று தோற்கலாம். அந்தத் தோல்வியை நான் சந்தோஷமாகவே எழுதுவேன்.