இருபத்து நான்கு வயதில் முகச் சுருக்கமா?

கேள்வி: எனக்கு வயது 24. பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். சிரிக்கும்போது கண்ணோரங்களில் கோடுகள் விழுகின்றன. கல்யாணப் பேச்சு நடக்கும் இவ்வேளையில், "இந்த வயதிலேயே முகம் முற்றி விட்டதே" என்று உறவுக்காரப் பெண் ஒருவர் சொன்னது மனதைத் தைத்து விட்டது. தோழி ஒருத்தி வாங்கித் தந்த கிறீமை மூன்று வாரங்களாகப் பூசி வருகிறேன். முகம் வெளுத்து மினுமினுப்பாக இருக்கிறது. ஆனால் டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற விபரம் எதுவும் இல்லை. தொடர்ந்து பாவிக்கலாமா?

(பெயர், ஊர் தவிர்க்கப்பட்டுள்ளன)

பதில்: அன்புச் சகோதரி, முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். சிரிக்கும்போது தோன்றி, சிரிப்பு அடங்கியதும் மறைந்து விடும் கோடு சுருக்கம் அல்ல. அது முகத் தசைகளின் அசைவு. சிறு பிள்ளைக்கும் அது உண்டு. முகம் அசையாதிருக்கும்போதும் நிலைத்து நிற்பதே சுருக்கம். தோல் வரண்டிருந்தாலும் மெல்லிய கோடுகள் தெரியும். ஈரப்பசை தரும் கிறீம் பூசினால் அவை மறைந்து விடும். உங்கள் வயதில் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

நான் கவலைப்படுவது கோடுகளைப் பற்றியல்ல, அந்த டப்பாவைப் பற்றித்தான். சில வாரங்களில் முகத்தை வெளுப்பாக்கும் பெயரில்லாக் கிறீம்களில் பெரும்பாலும் பாதரசமோ, கடுமையான ஸ்டீரோயிட் மருந்தோ கலந்திருக்கும். ஸ்டீரோயிட் நாளடைவில் தோலை மெலிய வைக்கும், இரத்த நாளங்கள் வெளியே தெரியும், பருக்கள் கிளம்பும். பாதரசம் தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பிணியாயின் வயிற்றிலுள்ள சிசுவையும் அடையும். கை, துவாய் வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளிடமும் ஒட்டிக் கொள்ளும். பாதரசம் சேர்ந்த இத்தகைய கிறீம்களைத் தடை செய்யும் மினமாட்டா உடன்படிக்கையில் (2013) இலங்கையும் இணைந்துள்ளது. ஆயினும் அவை கடைகளுக்கு வந்து சேரத்தான் செய்கின்றன.

ஆகவே பூசுவதை நிறுத்துங்கள். டப்பாவை எறிந்து விடாமல் தோல் வைத்திய நிபுணரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்து எரியக்கூடும். அதற்குப் பயந்து மீண்டும் பூசத் தொடங்கி விடாதீர்கள்.

அப்படியாயின் சுருக்கம் முன்கூட்டியே வருவது எதனால்? வயதை விட வெயிலே முக்கிய காரணம். வெயிலிலுள்ள யூ.வீ.ஏ. கதிர்கள் தோலின் ஆழத்துக்குச் சென்று, அதை இறுக்கமாக வைத்திருக்கும் நார்களைச் சிதைக்கின்றன. இவை முகிலையும் கண்ணாடியையும் ஊடுருவக் கூடியவை. 28 வருடங்கள் லொறி ஓட்டிய ஒருவரின் படம் 2012 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியானது. ஜன்னல் பக்கமிருந்த கன்னம் ஆழமாகச் சுருங்கியிருக்க, மறு கன்னம் அவ்வளவாகச் சுருங்கவில்லை. நமது மாநிறம் ஓரளவு பாதுகாப்பைத் தந்து சுருக்கத்தைத் தள்ளிப்போடும். ஆனால் கருமைத் திட்டுக்கள் முந்திக் கொண்டு வரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பாடசாலை விடும் ஒன்றரை மணி, கடும் வெயில் நேரம். குடை பிடியுங்கள். பஸ்ஸில் வெயில் படாத பக்கமாக அமருங்கள்.

2. எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட, யூ.வீ.ஏ. பாதுகாப்பும் உள்ள சன்ஸ்கிறீனைத் தினமும் பூசுங்கள். அவுஸ்திரேலியாவில் 903 பேரைக் கொண்டு செய்த ஆய்வில் (2013 இல் வெளியானது), நாலரை வருடங்கள் தினமும் பூசியவர்களின் தோல் முதிர்ச்சி, நினைத்தபோது மட்டும் பூசியவர்களை விட 24 வீதம் குறைவாக இருந்தது. வுழூச் செய்யும்போது அது கழுவுண்டு போகும். எனவே ளுஹருக்குப் பின் வெளியே செல்வதாயின் மீண்டும் பூசுங்கள்.

3. கடுமையான சவர்க்காரத்தால் அடிக்கடி முகம் கழுவ வேண்டாம். கழுவிய ஈரம் காயுமுன் சாதாரண கிறீம் பூசினால் போதும்.

4. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள். அதன் மேல் வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துப் போகும்.

5. சுருக்கத்துக்கென விற்கும் ரெட்டினோல் வகைகள் உங்களுக்கு இப்போது தேவையில்லை. கர்ப்ப காலத்தில் அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அவசரப்பட்டு முகத்தை வெளுப்பாக்கப் போய், வருடக்கணக்கில் வைத்தியரிடம் அலைய வேண்டாம். உங்கள் கண்ணோரக் கோடுகள் நீங்கள் சிரிக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. தோழியிடமும் இதைச் சொல்லுங்கள். அவரும் அதே கிறீமைப் பூசிக் கொண்டிருக்கக் கூடும்.