பவளம் வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

“கடல் தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பவளம் வைக்கலாமா?”

உப்புநீர்த் தொட்டி வைத்த எல்லோருக்கும் இரண்டாவது மாதம் வருகிற ஆசை இது. தெளிந்த தண்ணீர் நல்ல அறிகுறிதான். ஆனால், பவளத்தை வாழவைப்பதும் சாகடிப்பதும் கண்ணுக்குத் தெரியாத சமாசாரங்கள்.

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல, உயிருள்ள பிராணி. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும், நமக்குத் தெரிந்துவிடும். பவளம் இருந்த இடத்திலேயே சத்தமில்லாமல் சுருங்கும். நாம் கவனிப்பதற்குள் பாதி போயிருக்கும். அதனால் அதன் சார்பில் தண்ணீரை நாம்தான் விசாரிக்க வேண்டும். நல்ல டெஸ்ட் கிட்டுகளும், தேதி போட்டு எழுத ஒரு நோட்டும் வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து?

கடல் உப்புத் தூளைக் கலக்க, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர்தான் சரி. சமையலறை பியூரிஃபையரில் பிடிக்கலாமா என்றால், வேண்டாம். பல மாடல்கள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன. சிலவற்றில் செம்பும் சேர்கிறது. நமக்கு நல்லது என்று விற்கப்படும் அந்தச் செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம்.

உப்பு, லிட்டருக்கு சுமார் 35 கிராம் என்ற அளவில் நிற்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ரசம் கொதிக்கக் கொதிக்க உப்புக் கரிக்கும் அல்லவா? தொட்டியிலும் அதேதான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆகவே மட்டம் குறைந்தால் உப்பு கலக்காத ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரையே ஊற்றுங்கள். கோடையில் இதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கும்.

வெப்பம் 25 முதல் 27 டிகிரி. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்துப்போயின. கடலுக்கே அந்த நிலை என்றால் 100 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? நம் ஊர் வெயிலுக்குச் சில்லர் இல்லாமல் பவள ஆசை வேண்டாம்.

நோட்டில் என்ன எழுதுவது?

முதல் வரி: அம்மோனியா, நைட்ரைட். இரண்டும் பூஜ்யமாக வேண்டும். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

இரண்டாவது வரி: நைட்ரேட், பாஸ்பேட். நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருந்தால் போதும். இவற்றையும் பூஜ்யமாக்கப் பாடுபடாதீர்கள். பவளத்துக்கும் அதன் சதைக்குள் குடியிருந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசிக்கும் இவை கொஞ்சம் தேவை.

மூன்றாவது வரி: ஆல்கலினிட்டி 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். வீடு கட்டச் சிமென்டும் மணலும் மாதிரி, கல் பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் சரக்கு இது. முதலில் குறைவது ஆல்கலினிட்டிதான். அதனால் மற்றவற்றை வாரம் ஒருமுறை பார்த்தாலும், இதை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பாருங்கள்.

திங்கள் 8.4, வியாழன் 7.8 என்றால் நாளொன்றுக்கு 0.2 செலவாகிறது. அந்த அளவை ஈடுகட்டினால் போதும். 100 லிட்டருக்கு 1 டி.கே.எச். உயர்த்த சுமார் 3 கிராம் சமையல் சோடா வேண்டும். பேக்கிங் பவுடர் அல்ல, கலப்படமில்லாத சோடா. ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் கரைத்து மெதுவாக விடுங்கள். ஒரு நாளில் 1 டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்றவே கூடாது. எண் 8 ஆக இருந்தாலும் 9 ஆக இருந்தாலும் பவளம் பழகிக்கொள்ளும். இன்று 7, நாளை 10 என்று ஆட்டிவைத்தால்தான் தாங்காது. தொட்டி புதிதாக இருக்கும்வரை பெரும்பாலும் வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவதே போதும்.

எதை வைக்கலாம்?

ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டார்கள். இன்று பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம் ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. உடைந்த, செத்த பவளத்தை வைத்திருப்பதும் குற்றம். கடலிலிருந்து எடுத்த ‘லைவ் ராக்’கும் பெரும்பாலும் பவளக் கல்தான், செயற்கைப் பாறை வாங்குங்கள். “யாரும் கேட்க மாட்டார்கள் சார்” என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் இந்த வகைகளில் வருவதில்லை. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீது வாங்குங்கள். புதியவர்களுக்கு இவையே பொருத்தம். சிறு தவறுகளைத் தாங்கும். வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்குப் பண்ணையில் வளர்த்த கல் பவளத் துண்டுகள் கிடைக்கும். அதையும் ஆறு மாதம் கழித்து யோசியுங்கள்.

மலிவாகவும் அழகாகவும் இருப்பதால் பலரும் முதலில் வாங்குவது பொத்தான் பவளம் எனப்படும் சோயாந்திட். இதன் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடவே கூடாது. அப்படிச் செய்து, எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

எப்படி வைப்பது?

நோட்டில் மூன்று வாரம் எண்கள் ஆடாமல் நின்ற பிறகு, ஒரே ஒரு பவளம் வாங்குங்கள். பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். பவளத்துக்கென்று விற்கும் பூச்சிநீக்கிக் கரைசலில் முக்கி எடுத்து, வெளிச்சம் குறைந்த அடித்தளத்தில் வையுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

முதல் இரண்டு நாள் அது சுருங்கியே இருக்கலாம். பதறி இடம் மாற்றாதீர்கள், மருந்து ஊற்றாதீர்கள். எண்களைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் நன்றாக விரிந்து நின்றால் அடுத்ததை வாங்கலாம்.

அடுத்த வாரம்: தொட்டிக்கு எத்தனை மணி நேரம் விளக்கு?