இருட்டில் இறங்கிய இருபது சக்கரம்

தஞ்சாவூரில் புதுக்கோட்டை ரோட்டுப் பக்கம் குடியிருந்தால் அலாரம் கடிகாரம் வாங்கும் செலவு மிச்சம். 2020 ஜனவரியில் சுகோய் விமானப் பிரிவு ஒன்று இங்கே நிரந்தரமாக வந்த பிறகு, ஒன்று கிளம்பினால் போதும். சமையலறையில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் ஜலதரங்கம் வாசிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டே சித்தப்பா கேட்டார்:

"ஏண்டா, வாயுதூத்னு குட்டி பிளேன் வந்துக்கிட்டிருந்த இடம்தானே இது? அதுல இம்மாம் பெரிசு இறங்கினா தரை உள்வாங்காதா?"

"ரன்வேயைப் பலப்படுத்திட்டாங்க சித்தப்பா. ஆனா பலப்படுத்தாத இடத்துலயும் பெரிசு இறங்கும். சேத்து வயல்ல டிராக்டருக்கு என்ன மாட்டுறீங்க?"

"கேஜ் வீல்."

அதேதான். இல்யூஷின்-76 என்ற ராணுவ சரக்கு விமானம் முழு பாரத்தோடு 190 டன் வரை இருக்கும். நெல் லாரி பத்தொன்பதை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினமாதிரி. அத்தனை கனத்தையும் 20 சக்கரங்களில் பரப்பிவிடுவதால் மண் தரையில்கூட இறங்கும். பறக்கும்போதே டயரில் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். (நம்ம டவுன் பஸ் டிரைவர் கேட்டால் அழுதுவிடுவார்.)

கனம்கூடப் பரவாயில்லை. எங்கே இறங்குகிறோம் என்று தெரிய வேண்டுமே! 2012 ஜூலையில் அமெரிக்காவின் டாம்பா நகரில், விமானப்படைத் தளத்தில் இறங்க வேண்டிய சி-17 ஒன்று, பக்கத்திலிருந்த குட்டி ஏர்போர்ட்டில் இறங்கிவிட்டது. ரன்வே சுமார் 3,400 அடிதான். உள்ளே ஜெனரல் ஜேம்ஸ் மேட்டிஸ் வேறு! நல்லவேளை, ஓரத்தில் நின்றது. பாரத்தை இறக்கிவிட்டு சாயந்திரம் கிளம்பிப் போனார்கள்.

நம்மவர்களுக்கு அந்த மாதிரி தப்பு செய்ய அவகாசமே இல்லை. 1988 நவம்பர் 3 விடியற்காலை, மாலத்தீவுத் தலைநகர் மாலேயை லுத்துஃபி என்பவரின் ஆட்களும் இலங்கையிலிருந்து வந்த கூலிப்படையும் சேர்ந்து தாக்கினார்கள். அதிபர் கயூம் ஒளிந்துகொண்டு இந்தியாவிடம் உதவி கேட்டார். அன்று ராத்திரியே ஆக்ராவிலிருந்து இரண்டு இல்யூஷின்களில் பாராசூட் படை கிளம்ப வேண்டும்.

ஆக்ராவில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு திட்டம் போட்டார்கள். மாலத்தீவுக்கான நம் தூதர் பானர்ஜி லீவில் டெல்லி வந்திருந்தார். அவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். படத்தைப் பார்த்தவர், "இது ஹுல்ஹுலே இல்லை, கான் தீவு!" என்றார். கான் இருப்பது தெற்குக் கோடியில். அந்த மனுஷனுக்கு லீவு கிடைக்காமல் இருந்திருந்தால்?

ஹுல்ஹுலே ரன்வேயின் இரண்டு பக்கமும் கடல். ஏர்போர்ட் யார் கையில் என்பதும் நிச்சயமில்லை. கன்ட்ரோல் டவரிலிருந்து "ஹுதியா" என்ற சங்கேத வார்த்தை வந்தால்தான் பத்திரம் என்று பேச்சு. வந்தது. ரன்வே விளக்குகளைச் சில நொடிகள் மட்டும் போட்டு அணைத்தார்கள். அந்தப் பார்வையை மனசில் வைத்துக்கொண்டு இருட்டில் இறக்கினார் பைலட் பெவூர். அடுத்ததும் இறங்கியது. விடிவதற்குள் கயூம் பத்திரம்.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருட்டுலயே இறக்குறான். நமக்குப் பட்டப்பகல்ல மெட்ராஸுக்கு ஒரு பிளேன் விடச் சொல்லேன்!"

"..."

"சரி சரி, உழவன்ல என் ஆர்.ஏ.சி. என்னாச்சுன்னு பாரு."