பாடியவருக்கும் ஒரு நாற்காலி

கிழக்கேகோட்டையில் நம்மவர் கூட்டம் போட்டால் முதலில் பாட்டு. ஆட்கள் சேர்ந்ததும் பாடியவர் இறங்கிவிட வேண்டும், நாற்காலி பேச்சாளருக்கு. இந்த வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குக் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் நினைவு வருகிறது.

1908இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். (ரயிலில் பாடும் பிள்ளைகளை விரட்டுகிற ரயில்வேக்காரர்கள் நம்மிலும் உண்டு.) நாடகத்தில் உடன் பாடிய கணவர் எஸ். ஜி. கிட்டப்பா, அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டைக்காரர். 1933இல் அவர் மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. வெள்ளைப் புடவை உடுத்தினார்; பாட்டை விடவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்!

அந்தக் குரல்தான் காங்கிரஸ் மேடைகளுக்கு எழுத்தறியாத மக்களைக் கூட்டி வந்தது. பாடச் சொல்லிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. 1951இல் சென்னை மேல்சபை உறுப்பினரானார். இந்தியாவில் சினிமாக் கலைஞர் ஒருவர் சட்டசபைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை என்பார்கள்.

நம் சங்கத்தில் பாடுகிற பெண்கள் பலர். நிர்வாகக் குழுவில் ஒருவர்கூட இல்லை. வருகிற தேர்தலில் இரண்டு இடமாவது அவர்களுக்கு விட வேண்டும் என்கிறோம். யார் எதிர்த்துக் கை தூக்குகிறார்கள், பார்ப்போம்.